வயதின்மேல் பழி போடாதீர்கள்!

நடவு வயலில் குனிந்து நின்ற பாட்டி நிமிர்ந்ததும் சாய்ந்து விழுகிறாள். "வயசாச்சு, வெயில் வேறே" என்று சொல்லி நிழலில் படுக்க வைக்கிறார்கள். மில்லில் 30 வருஷம் உழைத்து ஓய்ந்த பெரியவர் இரவில் ஒன்றுக்குப் போக எழுந்தவர், வாசற்படியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறார். "தலையெழுத்து" என்கிறார்கள். இவர்கள் மடியில் முடிந்து வைத்திருக்கும் மாத்திரைகளை அவிழ்த்துப் பார்ப்பார் யாருமில்லை. முதலில் அதைப் பாருங்கள் என்கிறோம் நாம்.

எழுந்து நின்றால் ரத்தம் கால்பக்கம் இறங்குவது இயற்கை. வாலிபத்தில் உடம்பு உடனே ரத்தக் குழாய்களை இறுக்கி மூளைக்கு ரத்தத்தை ஏற்றிவிடும். வயதானால் அந்தச் சுறுசுறுப்பு குறைகிறது. அதன்மேல் ரத்தக் கொதிப்புக்கு ஒன்று, கால் வீக்கத்துக்கு நீர் இறக்க ஒன்று, மூத்திரம் அடைக்கிறதென்று ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று என்று சேர்ந்தால் என்ன ஆகும்? நின்ற 3 நிமிஷத்துக்குள் ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 20 இறங்கினாலே அதைக் கோளாறு என்கிறது வைத்திய சாஸ்திரம்.

சர்க்கரை மாத்திரையின் கதை வேறு. வேளா வேளைக்குச் சாப்பிடுகிறவரை மனதில் வைத்து எழுதிய சீட்டு அது. விடியலில் மாத்திரையை விழுங்கிவிட்டு வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடுகிறவருக்கு ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கும். வியர்க்கும், கை நடுங்கும், பிரக்ஞை தப்பும். கிளிபென்கிளமைடு என்ற பழைய மாத்திரை 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஏற்றதல்ல என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் மருந்துப் பட்டியலே சொல்கிறது.

2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி, கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் அதே ஆள் தனியார் டாக்டரிடமும் சீட்டு வாங்குகிறார். மருந்துக் கடையிலும் கேட்டு வாங்குகிறார். பெயர் இரண்டு, மருந்து ஒன்று என்பது அவருக்கு எப்படித் தெரியும்? இரட்டிப்பாக விழுங்குகிறார். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிப் பார்த்து, இது போதும், இது வேண்டாம் என்று சொல்வது யார் பொறுப்பு?

இதைப் படித்துவிட்டு மாத்திரைகளை வாய்க்காலில் எறிந்துவிடாதீர்கள், தோழர்களே! கொதிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்தியவரைப் பக்கவாதம் படுக்கையில் தள்ளும். எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். படுக்க வைத்து ஒரு தடவை, நிற்க வைத்து ஒரு தடவை அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பத்து நிமிஷ வேலை. அதற்கான கருவி அங்கேயே இருக்கிறது. கூட்டம் அதிகம், நேரமில்லை என்று சொன்னால், ஆளைக் கூட்டச் சொல்லி சர்க்காரைக் கேட்பது சங்கத்தின் வேலை.

யாராவது மயங்கி விழுந்தால் பிரக்ஞையில்லாத வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே 108-க்குச் சொல்லுங்கள். கண் விழித்துப் பேசினால் கேளுங்கள்: இன்று என்ன மாத்திரை போட்டீர்கள்? எத்தனை மணிக்கு? சாப்பிட்டீர்களா?