முதல் ரேங்க் வாங்கிய காளான்

மனமயக்கம் தரும் சைலோசைபின் காளான்களை வீரியப்படி அடுக்கி, உச்சியில் அசூரசென்ஸ், நடுவில் செமிலான்சியேட்டா, அடியில் கியூபென்சிஸ் என்று ஒரு பட்டியலைப் போட்டு, அதை அறிவியல் என்று வாசகர் தலையில் கட்டியிருக்கிறார் ஒரு கட்டுரையாளர். எண்கள் வந்த வழியைப் பார்த்தாலே பட்டியலின் சாயம் வெளுத்துவிடுகிறது.

அசூரசென்ஸ், அமெரிக்காவில் கொலம்பியா ஆற்று முகத்துவாரப் பக்கம் வளர்வது. பால் ஸ்டாமெட்ஸும் யோஹன் கார்ட்ஸும் 1990-களில் பெயரிட்டு விவரித்த இனம். உலர்ந்த எடையில் சுமார் 1.8 சதவீதம் சைலோசைபின் என்பது அதில் பதிவான உச்சம். அது உச்சம் என்பதைச் சொல்லாமல் விழுங்கிவிட்டு, கியூபென்சிசுக்கு மட்டும் சராசரியை எடுத்து நிறுத்துகிறார். இப்படி ஒப்பிட்டால் யாரை வேண்டுமானாலும் ஜெயிக்க வைக்கலாம்.

அடுத்து, கியூபென்சிசுக்குள்ளேயே 'கோல்டன் டீச்சர்' சாது, 'பீனிஸ் என்வி' முரடு என்று ஜாதகம் கணிக்கிறார். இரண்டும் வளர்ப்பவர்களும் விற்பவர்களும் புழங்கும் பெயர்கள், இனம் ஒன்றுதான். 1982-இல் பிக்வுட், பியூக் என்ற இரு ஆய்வாளர்கள் கியூபென்சிஸைச் சோதித்தார்கள். கட்டுப்பாடான சூழலில் தாங்களே வளர்த்தவற்றில், அறுவடைக்கு அறுவடை மாறி, நான்கு மடங்கு வரை வேறுபாடு. வெளியிலிருந்து வந்த மாதிரிகளில் பத்து மடங்குக்கும் மேல். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கணக்கு இங்கே செல்லாது. இனங்களுக்கிடையே, ரகங்களுக்கிடையே சராசரியில் வேறுபாடு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சராசரியை யாரும் விழுங்குவதில்லை. கையில் கிடைத்த காளானைத்தான் விழுங்குகிறார்கள்.

நீலம் அடர்ந்தால் வீரியம் கூடுதல் என்கிறாரே, அதுவாவது தேறுமா? காளான் நசுங்கியதும் சைலோசைபின் தன் பாஸ்பேட்டை இழந்து சைலோசின் ஆகிறது. அது ஆக்சிஜனேற்றம் அடைந்து, ஒன்றோடொன்று பிணைந்து நீல நிறமாகிறது. ஆக, நீலம் தெரிந்தால் சரக்கில் கொஞ்சம் போய்விட்டது என்று அர்த்தம். மிச்சம் எவ்வளவு என்பதை அந்தக் கறை சொல்லாது.

தன் பட்டியலுக்குத் துணையாக மருத்துவ ஆய்வுகளையும் இழுக்கிறார். அவையே அவருக்கு எதிர்ச்சாட்சி. தீராத மனச்சோர்வுக்கான, 2022-இல் வெளியான பெரிய ஆய்வில் 25, 10, 1 மில்லிகிராம் என்று அளந்து கொடுத்தது செயற்கையாகத் தயாரித்த சைலோசைபினை. எந்தக் காளானின் பெயரையும் நம்பி அங்கே மருந்து கொடுக்கவில்லை.

இதுவரை சொன்னது அவருடைய அரைகுறைத்தனம். மன்னிக்க முடியாதது அவர் சொல்லாமல் விட்டது. பட்டியலின் உச்சியில் அவர் வைத்த அசூரசென்சும் அதன் உறவான சயனசென்சும் மரச்சிதைவில் வளர்பவை. அதே மரச்சிதைவில், பழுப்புத் தொப்பியோடு, கலெரினா மார்ஜினேட்டாவும் முளைக்கும். அதிலிருப்பது அமாடாக்சின் என்ற நஞ்சு. தின்றவருக்குப் பல மணி நேரம் ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு. நடுவே சற்றுத் தேறியதுபோல ஒரு போக்கு. அதற்குள் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். 'மேல்தரம்' தேடிப் போகிறவருக்கு முதலில் சொல்ல வேண்டிய இந்தச் செய்திக்குக் கட்டுரையில் ஒரு வரிகூட இடமில்லை.

பட்டியல் போட்டே தீருவேன் என்றால் போடட்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எத்தனை மாதிரி, எந்த அறுவடை, எத்தனை நாள் உலர வைத்தது, அதிகபட்சமும் குறைந்தபட்சமும் என்ன என்பதையும் எழுதட்டும். அதற்குப் பிறகும் அந்த வரிசை கலையாமல் நின்றால் பேசலாம்.