கரணம் தப்பினால் மரணம்! பிள்ளைக்கு முதலில் விழச் சொல்லிக் கொடுங்கள்

திருப்பூரில் இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் கராத்தே போர்டுதான்!

அவினாசி ரோடாகட்டும், பல்லடம் ரோடாகட்டும், பி.என். ரோடாகட்டும், கரண்ட் கம்பத்தில் அட்டை தொங்குகிறது. கராத்தே, சிலம்பம், குங்பூ, ஜூடோ, டேக்வாண்டோ. "சேர்க்கை நடைபெறுகிறது!" "பெண்களுக்குத் தனி வகுப்பு!" காலை 6 மணிக்கே மொட்டை மாடிகளில் "ஹூ... ஹா..." சத்தம் கேட்கிறது.

வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல காரியம்தான்.

அப்பா டெய்லர். அம்மா செக்கிங். இரண்டு பேரும் ஒன்றரை ஷிப்டு முடித்து வீடு திரும்பும்போது ராத்திரி 9 மணி. அதுவரை பிள்ளை தனியாகத்தான் இருக்கிறது. நாலு பேர் வம்புக்கு வந்தால் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளட்டும் என்று, சனிக்கிழமை சம்பளத்தில் ஒரு பங்கை எடுத்து வகுப்புக்குக் கட்டுகிறார்கள். வியர்வை சிந்திய காசு.

ஆனால் ஒரு கேள்வி. அந்த வகுப்பில் முதல் நாள் என்ன சொல்லித் தருகிறார்கள்? குத்தா? உதையா? ஓடு உடைப்பதா?

மூன்றுமே தப்பு. முதலில் சொல்லித்தர வேண்டியது, விழுவதற்கு!

ஜப்பான்காரர் போட்ட கணக்கு

சிரிக்காதீர்கள். "விழறதுக்குமா மாஸ்டர் வேணும்? நாங்க தினமும் விழுந்துக்கிட்டுத்தான் இருக்கோம்" என்று டீக்கடையில் கிண்டல் பண்ணுவார்கள் என்பது தெரியும்.

1882-ம் ஆண்டு ஜப்பானில் ஜூடோவை உண்டாக்கினார் ஜிகோரோ கனோ. எதிராளியைத் தூக்கிப் போடுவதுதான் அந்தக் கலை. தூக்கிப் போடுகிறவன் ஒருத்தன் என்றால், விழுகிறவன் ஒருத்தன் இருந்தே ஆக வேண்டும் அல்லவா? விழுகிறவன் எலும்பை முறித்துக்கொண்டு படுத்துவிட்டால் நாளைக்கு யாரை வைத்துப் பழகுவது?

அதனால் விழுவதையே ஒரு பாடமாக வைத்தார்கள். "உகேமி" என்று பெயர். புதிதாகச் சேர்ந்தவன் எவ்வளவு பெரிய பயில்வானாக இருந்தாலும், இந்தப் பாடம் தேறாமல் அவனைத் தூக்கிப் போடக்கூடாது.

நம் ஊர் மல்லர்களுக்கும் இது தெரியாததல்ல. கோதா என்று ஒன்று இருந்தது. மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, பொலபொலவென்று ஆக்கிய பிறகுதான் மல்லுக்கு நிற்பார்கள். தரை மெத்தென்று இருந்தால்தான் ஆளும் தைரியமாக விழுவான். இன்றைக்கு என்ன நடக்கிறது? சிமெண்ட் தரை, மொட்டை மாடி, பார்க்கிங் இடம். மேலே ஒரு பிளாஸ்டிக் பாய். அதற்குப் பெயர் "பயிற்சிக் கூடம்"!

குட்டிக்கரணம் வேறு, இது வேறு

சின்ன வயதில் நாம் எல்லோரும் குட்டிக்கரணம் போட்டிருக்கிறோம். உச்சந்தலையை ஊன்றி, பிடரியை மடக்கி, நேராக உருளுவது. தற்காப்புக் கலையில் உருளுவது அப்படி இல்லை. தலை தரையைத் தொடவே கூடாது!

வலது காலை முன்னால் வைத்துக் குனிகிறான். வலது கையை வில் மாதிரி வளைக்கிறான். முதலில் கை, அப்புறம் முழங்கைப் பக்கம், அப்புறம் வலது தோள். அங்கிருந்து முதுகில் குறுக்காக ஓடி இடது இடுப்பில் முடிகிறது. தாவாக்கட்டை நெஞ்சில் ஒட்டியிருக்கும். கண் தன்னுடைய பெல்ட் முடிச்சைப் பார்க்கும். மூச்சு வெளியே போகும். சைக்கிள் சக்கரம் உருளுகிற மாதிரி சத்தம் இல்லாமல் உருண்டு எழுந்துவிடுகிறான்.

"தடால்" என்று சத்தம் கேட்டால் எங்கேயோ மூலை இடித்திருக்கிறது என்று அர்த்தம். வட்டம் உருளும். சதுரம் உருளுமா?

மல்லாக்க விழும்போது இன்னொரு வித்தை. தலையைத் தூக்கிக்கொண்டு, இரண்டு கையையும் உடம்புக்குச் சாய்வாக விரித்துத் தரையில் பளார் என்று அடிக்க வேண்டும். விழுகிற வேகம் ஒரே இடத்தில் இறங்காமல் கை, முதுகு என்று பரவிப் போகும். ஆணி முனையில் படுப்பதற்கும் பாயில் படுப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

தெரியாதவன் என்ன பண்ணுவான்? விழப்போகும்போது கையை நேராக நீட்டி ஊன்றுவான். உடம்பு பாரம் முழுக்க ஒரு மணிக்கட்டில் இறங்கும். மணிக்கட்டு முறியும். இல்லை என்றால் முழங்கை விலகும். அதுவும் இல்லை என்றால் காறை எலும்பு போகும். கை போனால் திருப்பூரில் பிழைப்பு உண்டா? டெய்லருக்கும் கைதான், கட்டிங் மாஸ்டருக்கும் கைதான், கைமடிக்கும் கைதான்!

நரசீபுரம் மறந்து போச்சா?

எலும்பு முறிந்தால் கூடிவிடும். உயிர் போனால்?

2018 ஜூலை 12. பக்கத்து மாவட்டம் கோவை. நரசீபுரம் அருகே ஒரு தனியார் கல்லூரியில் பேரிடர் மீட்பு ஒத்திகை. கீழே மாணவர்கள் வலையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மேலே இரண்டாவது மாடியில் 19 வயது மாணவி ஒருவர். குதிக்கத் தயங்கினார். பயிற்சியாளர் தள்ளிவிட்டார். முதல் மாடி சன்ஷேடில் தலை மோதியது. அந்தப் பெண் பரிதாபமாக உயிரிழந்தார்.

அந்த வீடியோவைத் தமிழ்நாடே பார்த்தது. பயிற்சியாளரைப் போலீசார் கைது செய்தார்கள். "அவர் எங்கள் பயிற்சியாளரே அல்ல" என்று தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் கையை விரித்தது.

அது கராத்தே வகுப்பு இல்லையே என்று கேட்பீர்கள். இல்லைதான். ஆனால் பாடம் ஒன்றே. அந்தப் பெண்ணுக்கு விழும் பழக்கம் இல்லை. படிப்படியாகப் பழக்கவும் இல்லை. பயப்படுகிறாள் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. சொல்லித்தருகிறவர் யார், என்ன சர்டிபிகேட் என்று முன்கூட்டி யாரும் கேட்கவில்லை. போன பிறகு கேட்டார்கள்!

பயப்படுகிற பிள்ளையைத் தள்ளிவிட்டால் தைரியம் வராது. ஆம்புலன்ஸ்தான் வரும்.

கலை பிறந்த ஊரிலேயே சாவு

ஜூடோ பிறந்த ஜப்பானிலேயே என்ன நடந்தது தெரியுமா? 1983 முதல் 2011 வரை பள்ளிக்கூட ஜூடோவில் மட்டும் 110-க்கும் மேற்பட்ட மாணவர்கள் செத்தார்கள். பெரும்பாலும் தலையில் அடி. அதிலும் அதிகம் பேர் புதிதாகச் சேர்ந்தவர்கள். விழும் பாடம் தேறுவதற்குள் அவர்களைத் தூக்கிப் போட்டதன் பலன்!

டாக்டர்கள் சொல்லும் விஷயம் இன்னும் பயமாக இருக்கிறது. தலை தரையில் பலமாக மோதவேண்டும் என்பதுகூட இல்லை. வேகமாக வீசி எறியும்போது தலை குலுங்கினாலே, மூளைக்கும் மண்டை ஓட்டுக்கும் நடுவில் இருக்கும் ரத்தக்குழாய் அறுந்துவிடலாம். பையன் எழுந்து நிற்பான். "ஒண்ணும் இல்லீங் மாஸ்டர்" என்பான். கொஞ்ச நேரம் கழித்துத் தலைவலி, வாந்தி, மயக்கம்.

பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் 2010-ல் அங்கே சங்கம் வைத்துப் போராடினார்கள். 2012-ல் நடுநிலைப் பள்ளிகளில் தற்காப்புக் கலையைக் கட்டாயப் பாடம் ஆக்கியபோது நாடே கேள்வி கேட்டது. அதற்குப் பிறகுதான் பாதுகாப்பு விதிகள் இறுகின.

பிரான்ஸ் நாட்டில் இந்த வேலையை 1955-லேயே செய்துவிட்டார்கள். அரசாங்க டிப்ளமா இல்லாதவர் சம்பளம் வாங்கிக்கொண்டு ஜூடோ சொல்லித்தர முடியாது.

இங்கே? டீக்கடை வைக்கக்கூட உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு பண்ண வேண்டும். வடை சுடுபவருக்கு இருக்கும் கெடுபிடி, பிள்ளையின் கழுத்தைக் கையில் பிடிப்பவருக்கு வேண்டாமா?

"மெத்தைக்குக் காசு ஏது?"

மாஸ்டர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும்.

பலர் பகலில் கம்பெனி வேலை பார்த்துக்கொண்டு, கலை மேல் இருக்கும் ஆசையில் வகுப்பு நடத்துகிறார்கள். ஏழைப் பிள்ளைக்குப் பீஸ் வாங்காதவர்களும் உண்டு. "நல்ல மெத்தை வாங்கற காசுக்கு நாங்க எங்கீங் போறது?" என்று கேட்டால் பதில் சொல்லத்தான் வேண்டும்.

பதில் இந்த ஊரிலேயே கிடக்கிறது. பனியன் வேஸ்ட்!

கட்டிங் டேபிளில் இருந்து விழும் துண்டுத்துணி மூட்டை மூட்டையாகக் குடோனுக்குப் போகிறது. உலகத்துக்கே பனியன் போட்டுவிடும் ஊர், சொந்தப் பிள்ளையைச் சிமெண்டில் உருட்டலாமா? கெட்டித் துணியில் பை தைத்து, வேஸ்ட்டை இறுக்கித் திணித்து, மேலே தார்ப்பாயை விறைப்பாகக் கட்டினால் உருளப் பழகுவதற்கு மெத்தை தயார். தைப்பதற்கு டெய்லரா இல்லை?

ஒரே ஒரு எச்சரிக்கை. தளர்வாகத் திணித்தால் கால் புதைந்து கணுக்கால் பிசகும். முழங்காலை ஊன்றி அழுத்திப் பாருங்கள். அடியில் தரை தட்டக்கூடாது. இரண்டு மெத்தைக்கு நடுவில் சந்து இருக்கக்கூடாது. இது உருளுவதற்கு மட்டும்தான். ஆளைத் தூக்கிப் போட்டுப் பழக முறையான ஜூடோ மெத்தை வேண்டும். அது இல்லாத இடத்தில் தூக்கிப் போடவே வேண்டாம்.

பெற்றோரே, இதைக் கேளுங்கள்

அட்மிஷன் போடும் முன்பு அரை மணி நேரம் நின்று வகுப்பைப் பாருங்கள்.

கீழே என்ன விரித்திருக்கிறார்கள்? புதுப் பிள்ளைக்கு முதலில் படுத்த நிலை, அப்புறம் உட்கார்ந்த நிலை, அப்புறம் குந்திய நிலை, கடைசியில் நின்ற நிலை என்று படிப்படியாக விழச் சொல்லித் தருகிறார்களா? அல்லது வந்த அன்றே மூன்று பேரைக் குனிய வைத்து மேலே தாவச் சொல்கிறார்களா? தலையில் அடிபட்ட பிள்ளையை உட்கார வைக்கிறார்களா, "இதெல்லாம் ஒரு அடியா?" என்று மறுபடியும் இறக்கிவிடுகிறார்களா?

தலையில் அடிபட்டுத் தலைவலியோ வாந்தியோ தூக்கக்கலக்கமோ வந்தால், தைலம் தேய்த்துப் படுக்க வைக்காதீர்கள். நேராக ஆஸ்பத்திரி!

"மாஸ்டர் கோவிச்சுக்குவாரு" என்று கூச்சப்பட வேண்டாம். நல்ல மாஸ்டர் கேள்வி கேட்டால் சந்தோஷப்படுவார். கோபப்படுகிறவரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

சாகும்வரை உதவும் கலை

இந்தப் பாடம் சண்டைக்காக மட்டும் இல்லை. சண்டை வாழ்க்கையில் வராமலே போகலாம். விழாமல் யாராவது இருந்திருக்கிறார்களா? சாயப்பட்டறையில் ஈரத்தரை. கம்பெனியில் எண்ணெய் சிந்திய படிக்கட்டு. வீட்டில் பாசி பிடித்த பாத்ரூம். உலகத்தில் வருடத்துக்கு 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் கீழே விழுந்தே சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நெதர்லாந்தில் முதியோருக்கே ஜூடோவில் இருந்து எடுத்த விழும் முறைகளைச் சொல்லித் தருகிறார்கள்.

அதற்காக, உருளத் தெரியும் என்று மோட்டார் சைக்கிளில் ஹெல்மெட் இல்லாமல் போகாதீர்கள்! தார்ரோட்டுக்கு உகேமி தெரியாது.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டியில் சிலம்பத்தையும் சேர்த்தார்கள். அரசுப் பள்ளி மாணவிகளுக்குத் தற்காப்புக் கலை சொல்லித் தரவும் திட்டம் இருக்கிறது. எல்லாம் சரி. அந்தப் பிள்ளைகள் எந்தத் தரையில் விழுகிறார்கள் என்று யார் பார்ப்பது?

மாவட்ட விளையாட்டு அலுவலகம் ஒரு பதிவேடு போடட்டும். யார் வகுப்பு நடத்துகிறார், எங்கே நடத்துகிறார், மெத்தை உண்டா, முதலுதவி தெரியுமா? இந்த நாலு கேள்விக்குப் பதில் எழுதி வாங்கட்டும். தேறியவர்கள் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டட்டும். பனியன் கம்பெனி முதலாளிகள் ஆளுக்கு நாலு மூட்டை வேஸ்ட் கொடுக்கட்டும். பெரிய செலவு ஒன்றும் இல்லை.

ஒரு பிள்ளை கழுத்து முறிந்து படுத்த பிறகு விசாரணைக் கமிட்டி போடுவதில் யாருக்கு என்ன லாபம்?

மாவட்ட நிர்வாகம் விழித்துக்கொள்ளுமா? அல்லது, யாராவது விழட்டும் என்று காத்திருக்குமா?