விதைக்காமல் விளையும் கனி



நோன்பு திறக்கும் வேளையில் நாம் கஞ்சிக் கோப்பையைத் தேடுவது போல, சூடான் நாட்டார் பலர் ஒரு புளிப்புப் பானத்தைத் தேடுவர். அதன் பெயர் கொங்கொலேஸ். 'தபல்தி' எனும் காட்டு மரத்தின் கனியில் செய்வது. மன்னாரில் நாம் வியந்து பார்க்கும் பெருக்கமரமும் இதே இனந்தான். அரபு வணிகரே அதை அங்கு கொண்டுவந்தனர் என்பது வழிவழியாக வரும் பேச்சு.

1344 இல் நமது தீவுக்கு வந்த இப்னு பதூதா, 1352 இல் மாலி தேசம் போகும் வழியில் பருத்த முதுமரங்களைக் கண்டார். சிலவற்றின் பொந்தில் மழைநீர் தேங்கியிருந்தது. ஒன்றினுள்ளே நெசவாளி ஒருவர் தறி போட்டு நெய்துகொண்டிருந்தார். அவை இம்மரங்களே என்பர் அறிஞர். சூடானின் கொர்தோபான் பகுதியிலும் இதன் அடிமரத்தைக் குடைந்து, கோடைக்கு நீர் சேமிப்பது பழைய வழக்கம்.

மழை ஓய்ந்து வயல் வரண்ட பின்னரே கனி முதிரும். பெண்களும் பிள்ளைகளும் விழுந்ததைப் பொறுக்குவர். எட்டாததைக் கம்பால் தட்டுவர். கெட்டியான ஓட்டைக் கல்லால் உடைத்தால், விதைகளைச் சுற்றி வெண்ணிறச் சதை தானே காய்ந்திருக்கும். ஓடு உடையாதவரை மாதக்கணக்கில் கெடாது. சதையைக் குளிர்ந்த நீரில் ஊறவிட்டு, பிசைந்து வடித்து, சீனி சேர்த்தால் பானம் தயார். கொதிக்க வைத்தால் அதிலுள்ள விட்டமின் சி வீணாகும். விதையையும் எறிவதில்லை, வறுத்து இடித்துக் குழம்பில் சேர்ப்பர்.

இதன் இளம் இலையும் கறிக்கு உதவும். சிக்கல் அங்கேதான். கிளைகளை வெட்டி இலையை மொத்தமாகப் பறித்தால் காய்ப்புக் குறைந்துவிடும். புதிதாக ஒரு விதையை ஊன்றினாலோ, முதற்காயைக் காணப் பதினைந்து, இருபது ஆண்டுகளும் செல்லலாம்.

2023 ஏப்ரலில் சூடானில் மூண்ட போர் கொர்தோபானையும் விட்டுவைக்கவில்லை. வயலில் விதைக்க வழியற்றுப் போகும்போதுதான், விதைக்காமல் விளையும் கனியின் அருமை புரியும். அடுப்பில் பானை காத்திருக்க, பிள்ளை பசித்து அழ, மரத்தடியில் நிற்கும் தாயிடம் "இலையைப் பறிக்காதே" என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? ஆயினும் கையெட்டும் கிளையில் பாதியை விட்டுவிட்டு ஒரு தாய் வீடு திரும்பினால், அவள் விட்டுவைப்பது இலையை அல்ல; வரும் கோடையில் தன் பிள்ளைகள் பருகப்போகும் கோப்பையை.