படத்தில் விழாத வலி

பாறசாலையில் ஒரே வீட்டுக்குள் இரண்டு மொழிகள் புழங்குவது புதிதல்ல. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழகத்துக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. வீட்டுப் பேச்சில் அந்த எல்லை இன்றும் சரியாக விழவில்லை. தடுமாற்றம் டாக்டரின் முன்னால்தான். தமிழில் வலி என்றால் நோவு. மலையாளத்தில் அதே சொல்லுக்கு இழுப்பு என்று பொருள். மூச்சிரைப்பை 'வலிவு' என்பார்கள். உடம்பெல்லாம் வலி என்று சொல்ல வந்தவர் 'வேதனை' என்று மாற்றிச் சொல்ல வேண்டும்.

ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிக்கு இந்த மொழிபெயர்ப்போடு சிரமம் முடிவதில்லை. மாதக்கணக்கில் உடம்பு முழுக்க நோவு, தூங்கி எழுந்தாலும் தீராத அசதி, மறதி. பாதிக்கப்படுவோரில் பெண்களே அதிகம். நரம்பு மண்டலம் வலிச் சமிக்ஞைகளைப் பெரிதாக்கிக் காட்டுவதே காரணம் என்று நிபுணர்கள் கருதுகிறார்கள். ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ இந்த நோய் தெரியாது.

பின் எதற்கு ஸ்கேன்? வேறு நோய் இல்லை என்று உறுதி செய்ய. சுமார் 30 கி.மீ. பஸ்ஸில் குலுங்கி திருவனந்தபுரம் போய், கழுத்துச் சங்கிலி முதல் கொண்டை ஊசி வரை கழற்றி வைத்துவிட்டு, குளிரூட்டப்பட்ட அறையில் எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் அரை மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும். மற்றவர்களுக்கு அது வெறும் அலுப்பு. தொட்டாலே நோகும் உடம்புக்குக் கட்டிலின் கடினமும் இயந்திரத்தின் தடதடப்பும் தண்டனை. முழங்காலுக்கு அடியில் தலையணை, ஒரு போர்வை, காதடைப்பான் ஆகியவற்றை முன்கூட்டியே கேட்டு வாங்கலாம். கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது.

முடிவு 'நார்மல்' என்று வந்தால் வீட்டில் நிம்மதி, நோயாளிக்கு அவமானம். "ஒன்றுமில்லை என்கிறார்களே, பிறகென்ன?" என்ற கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை. ஸ்கேன் எதையாவது காட்டினாலும் சிக்கல்தான். வலியே இல்லாத 40 வயதுக்காரர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு முதுகெலும்பு வட்டு பிதுங்கியிருப்பதாக 2015இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. குற்றமற்ற வட்டின் மேல் பழி விழ, சிகிச்சை திசை மாறலாம்.

அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்கம் 1990இல் உடம்பில் 18 இடங்களைக் குறித்தது. அழுத்தும்போது 11 இடங்களில் வலித்தால் இந்த நோய் என்றது. 2010இல் அந்த அமைப்பின் புதிய விதிகள் விரலால் அழுத்திப் பார்ப்பதைக் கைவிட்டன. எங்கெங்கே வலி, எவ்வளவு அசதி, தூக்கம் எப்படி என்று நோயாளி சொல்வதையே அளவுகோலாக்கின. சர்வதேச வலி ஆய்வுச் சங்கமும் 2020இல் திருத்திய விளக்கத்தில், வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றது.

மெல்ல மெல்லக் கூட்டும் உடற்பயிற்சி, ஒழுங்கான தூக்கம், தேவைக்கேற்ப மாத்திரை: இன்றைய சிகிச்சை இவ்வளவுதான். முழுக்கக் குணமாகாது, ஆனால் அடக்கி வைக்க முடியும். அதற்கு முதல் தேவை, அவள் சொல்வதை நம்பும் ஒருவர். அவர் எந்த மொழிக்காரராகவும் இருக்கலாம்.