ஆறு பெட்டி வைத்தால் அது 5.1 ஆகிவிடுமா?

பெருநகரில் ஒரு வீடு என்று வைத்துக் கொள்ளுங்கள். நெல் போட்ட காசு கையில் இருக்கிறது. பையன் ரொம்ப நாளாகக் கேட்கிறான். அப்பா காஞ்சிபுரத்துக்கோ வந்தவாசிக்கோ பஸ் ஏறுகிறார். திரும்பும்போது மடியில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. மேலே கொட்டை எழுத்தில் "5.1 ஹோம் தியேட்டர்". பக்கத்திலேயே இன்னும் கொட்டையாக "5000 வாட்ஸ்".

பையன் பிரிக்கிறான். ஐந்து சின்னப் பெட்டி, ஒரு பெரிய பெட்டி. கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்து பச்சை ஓட்டையில் ஒரு ஒயரைச் சொருகுகிறான். ஒயரின் மறுமுனையில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு பின். அதை ஸ்பீக்கரின் பெரிய பெட்டியில் சொருகுகிறான். ஆறும் ஒரே நேரத்தில் முழங்குகின்றன. பக்கத்து வீட்டு ஆயா எட்டிப் பார்க்கிறார். எல்லாருக்கும் சந்தோஷம்.

மூன்றாம் நாள் பையனுக்கு ஒரு சந்தேகம் வருகிறது. படத்தில் ஹெலிகாப்டர் தலைக்குப் பின்னாலிருந்து கிளம்பி முன்னால் போக வேண்டும். போகவில்லை. ஆறு பெட்டியிலும் ஒரே சமயத்தில் வருகிறது, ஒரே சமயத்தில் அடங்குகிறது. கடைக்குப் போன் போட்டால் பதில் தயாராக இருக்கும்: "ஆறு பாக்ஸும் பாடுதா இல்லியா தம்பி? அப்புறம் என்னா?"

இந்த "அப்புறம் என்னா"வில்தான் மொத்த மோசடியும் இருக்கிறது.

5.1 என்பது பெட்டிகளின் எண்ணிக்கை அல்ல. தனித்தனியாக வரும் ஒலிப் பாதைகளின் எண்ணிக்கை. முன் இடது, முன் வலது, நடு, பின் இடது, பின் வலது என ஐந்து. அதோடு இடி, வெடி, உறுமல் போன்ற அடித்தொண்டைச் சத்தத்துக்கு மட்டும் ஒரு பாதை. இந்த ஆறாவது பாதை ஒலியின் கீழ்ப்பகுதியை மட்டும், அதாவது சுமார் 120 ஹெர்ட்ஸ் வரை மட்டும், சுமப்பதால்தான் அதை முழு ஒன்றாகக் கணக்கில் எடுக்காமல் ".1" என்கிறார்கள். பாதை இரண்டுதான், பெட்டி மட்டும் ஆறு என்றால் அதன் பெயர் 5.1 இல்லை. அது ஸ்டீரியோ. ஒரே செய்தியை ஆறு பேர் சேர்ந்து கத்துவதை யாரும் ஆறு செய்தி என்று சொல்வதில்லை.

இந்தச் சொல் தமிழ்நாட்டுக்குச் சும்மா வந்துவிடவில்லை. 1995ல் வந்த குருதிப்புனல்தான் டால்பி ஸ்டீரியோ எஸ்ஆர் தொழில்நுட்பத்தில் வந்த முதல் இந்தியப் படம். அடுத்த வருடமே கருப்பு ரோஜா டிடிஎஸ் ஒலியுடன் வந்தது. அதற்கப்புறம் தியேட்டர் போஸ்டரில் ஹீரோ பெயருக்குப் பக்கத்தில் "டிடிஎஸ்" என்று போட ஆரம்பித்தார்கள். ஜனங்களும் அதற்காகவே டிக்கெட் வாங்கினார்கள். 2012 டிசம்பரில் சிவாஜி 3டி, டால்பி அட்மாஸில் வந்த முதல் இந்தியப் படமானது. மழை எங்கே பெய்ய வேண்டும், கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று ஒலிப்பதிவுக் கலைஞர்கள் ராத்திரி பகலாக உட்கார்ந்து ஒவ்வொரு சத்தத்தையும் அதனதன் இடத்தில் வைக்கிறார்கள். அந்த உழைப்பின் பேரைத்தான் அட்டைப்பெட்டிக்காரர்கள் திருடி ஒட்டிக் கொள்கிறார்கள்.

உண்மையான 5.1ஐக் கம்ப்யூட்டரில் மாட்டுவது ராக்கெட் விஞ்ஞானமா என்றால், கிடையவே கிடையாது. எண்ணத் தெரிந்தால் போதும். ஹெட்போனில் இருக்கும் 3.5 மிமீ பின் ஒன்று இரண்டு பாதைகளைத்தான் சுமக்கும். ஆறு பாதைக்கு மூன்று பின் வேண்டும். ஒன்றாம் வகுப்புக் கணக்கு. பச்சை ஓட்டை முன் ஸ்பீக்கர்களுக்கு. கறுப்பு பின் ஸ்பீக்கர்களுக்கு. ஆரஞ்சு நடுவுக்கும் சப்வூஃபருக்கும். 7.1 என்றால் கூடுதலாகச் சாம்பல் நிறம், பக்கவாட்டு ஸ்பீக்கர்களுக்கு.

"எங்க வீட்டு கம்ப்யூட்டர்ல பச்சை, நீலம், ரோஸ்னு மூணு ஓட்டைதானே இருக்கு" என்று கேட்பவர்கள் உண்டு. பல போர்டுகளில் அதுவே போதும். 2004ல் இன்டெல் கொண்டுவந்த எச்டி ஆடியோ முறையில் ஒரே ஓட்டைக்கு வேலையை மாற்றிக் கொடுக்கலாம். ரியல்டெக் போன்ற சவுண்ட் டிரைவரில் 5.1 என்று தேர்ந்தெடுத்தால் நீலம் பின் ஸ்பீக்கருக்கும், ரோஸ் நடு-சப்வூஃபருக்கும் மாறிக் கொள்ளும். மைக்கைக் கேபினெட்டின் முன்பக்கத்தில் சொருகிக் கொள்ளலாம். அதற்கப்புறம் விண்டோஸ் கண்ட்ரோல் பேனலில் சவுண்ட், பிளேபேக், கான்ஃபிகர் என்று போய் 5.1 என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மூன்று ஒயர் மாட்டினாலும் விண்டோஸ் இரண்டு பாதையைத்தான் அனுப்பிக் கொண்டிருக்கும். நடு ஸ்பீக்கரில் வசனத்துக்குப் பதிலாக உறுமல் வந்தால் பயப்பட வேண்டாம். நடுவும் சப்பும் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். மாற்றிக் கொள்ள பல டிரைவர்களிலேயே வழி இருக்கிறது.

இப்போது அட்டைப்பெட்டிக்கு. ஸ்பீக்கர் செட்டின் முகப்பைப் பார்க்காதீர்கள், முதுகைப் பாருங்கள். ஸ்பீக்கர்களுக்குப் போகும் ஓட்டைகளை விட்டுவிட்டு, உள்ளே வரும் ஓட்டைகளை மட்டும் எண்ணுங்கள். ஆறு ஆர்சிஏ ஓட்டைகளோ, மூன்று 3.5 மிமீ ஓட்டைகளோ இருந்தால் அது யோக்கியமான செட். டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் பிரிக்கத் தெரிந்த ஆப்டிகல் உள்ளீடு இருந்தாலும் சரி. எச்டிஎம்ஐ உள்ள ஏவி ரிசீவர் என்றால் பேச்சே இல்லை, ஒரே ஒயரில் எட்டுப் பாதைகள் வரை போகும். ஆனால் ஒரே ஒரு சிவப்பு, ஒரே ஒரு வெள்ளை, ஒரு யூஎஸ்பி, ஒரு புளூடூத், ஒரு எஃப்எம் என்று மட்டும் இருந்தால்? சிவப்பு-வெள்ளை இரண்டு பாதை. யூஎஸ்பியில் போடும் எம்பி3 பாட்டு இரண்டு பாதை. புளூடூத்தில் பாட்டு அனுப்பும் வழக்கமான முறையும் இரண்டே பாதை. அந்த செட்டுக்குள் ஆறு பாதை எந்த வழியாக நுழையும்? கூரையைப் பிய்த்துக் கொண்டா?

இரண்டு பாதையிலிருந்து கணக்குப் போட்டு ஐந்தைப் பிரித்தெடுக்கும் டால்பி புரோ லாஜிக் II போன்ற முறைகள் இருக்கின்றன. அது நேர்மையான வேலைதான். அந்த செட்டுகளில் அதன் பேரே போட்டிருக்கும். இங்கே பேசுவது அதைப் பற்றி அல்ல. உள்ளே இடது ஒயரை முன்னுக்கும் பின்னுக்கும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டு வெளியே 5.1 என்று எழுதுகிறவர்களைப் பற்றி.

இன்னொரு கூத்தும் உண்டு. செட் உண்மையிலேயே ஆறு உள்ளீடு உள்ளதாக இருக்கும். மாட்டிக் கொடுக்க வருகிறவர் ஒரே ஒயரை மாட்டிவிட்டு, ரிமோட்டில் இன்புட்டை ஆக்ஸ் என்று வைத்துவிட்டுப் போய்விடுவார். ஒரு பக்கம் 3.5 மிமீ பின், மறுபக்கம் இரண்டு ஆர்சிஏ என மூன்று ஒயர்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாயில் முடிகிற விஷயம். ஆயிரக்கணக்கில் செலவழித்தவர் வீட்டில் அந்தச் சில நூறு ரூபாய் ஒயர் இல்லாததால் நாலு பெட்டி வெறும் எதிரொலி.

பொய்யைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். விண்டோஸில் 5.1 என்று தேர்ந்தெடுத்த அதே இடத்தில் டெஸ்ட் பட்டன் இருக்கிறது. அழுத்தினால் ஒவ்வொரு ஸ்பீக்கராக ஓசை போகும். உண்மையான 5.1ல் ஒரு நேரத்தில் ஒரு பெட்டி மட்டும் பேசும். ஒரே பச்சை ஒயரில் ஓடும் போலியில், முன் இடதை அழுத்தினால் பின் இடதும் சேர்ந்து பாடும். பின் ஸ்பீக்கரின் முறை வரும்போது வீடு நிசப்தமாக இருக்கும்.

இதில் பெரிய கொடுமை என்ன தெரியுமா? போலிக்குப் பழகிய காதுக்கு அசல் ரிப்பேர் மாதிரி தெரியும். ஒழுங்கான 5.1ல் பின் ஸ்பீக்கர்கள் நிறைய நேரம் சும்மாதான் இருக்கும். மழை பெய்தால், கூட்டம் கத்தினால், பின்னாலிருந்து கார் வந்தால் மட்டும் வாய் திறக்கும். வசனம் பெரும்பாலும் நடுவில் மட்டும் வரும். இதைக் கேட்டதும் "அண்ணே, பின்னாடி ரெண்டும் வேலை செய்யல" என்று கடைக்குத் தூக்கி வருகிறார்கள். கடைக்காரர் என்ன செய்வார்? எல்லாம் பாடுகிற போலியையே அடுத்த தடவை வரவழைத்து வைப்பார். நேர்மையாகத் தயாரிப்பவன் இப்படித்தான் சந்தையை விட்டு ஓடுகிறான்.

அந்த 5000 வாட்ஸ் கதைக்கும் ஒரு வார்த்தை. பக்கத்திலேயே பொடி எழுத்தில் பிஎம்பிஓ என்று இருக்கும். அதை எப்படி அளக்க வேண்டும் என்று எந்தப் பொது விதியும் கிடையாது. வாய்க்கு வந்த எண்ணைப் போடலாம். வீட்டில் சாதாரண பிளக் 6 ஆம்பியர். 230 வோல்ட்டால் பெருக்கினால் 1380 வாட்ஸ். அந்த பிளக்கிலிருந்து 5000 வாட்ஸைத் தொடர்ந்து எடுத்தால் ஸ்பீக்கர் பாடாது, ஃபியூஸ்தான் பாடும். 12 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டரில் ஓடும் செட் என்றால் உள்ளே போவதே 36 வாட்ஸ். 36 உள்ளே போய் 5000 வெளியே வருவதாக இருந்தால் கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் எதற்கு? ஆளுக்கொரு ஹோம் தியேட்டர் வாங்கி வைத்தால் போதுமே! பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ் என்று போட்டிருக்கும் எண்ணை மட்டும்தான். அமெரிக்காவில் ஆம்ப்ளிஃபயரின் வாட்ஸை எப்படி அளந்து சொல்ல வேண்டும் என்று 1974லேயே விதி போட்டுவிட்டார்கள்.

இதற்கெல்லாம் வழக்கமாக மூன்று சமாதானம் சொல்லப்படும்.

ஒன்று, "யூடியூபில் பாட்டு கேட்கறவனுக்கு எதுக்கு ஆறு பாதை?" நியாயமான கேள்வி. பாட்டு மட்டும் கேட்பவருக்கு ஆறு பாதை தேவையே இல்லை. அப்படியானால் அவருக்கு இரண்டு நல்ல ஸ்பீக்கரை விற்க வேண்டியதுதானே? அதே காசை ஆறாகப் பங்கு போட்டு ஆறு மட்டமான பெட்டியாகக் கொடுப்பது ஏன்? இளையராஜா பாட்டில் வயலின் ஒரு பக்கமும் கிடார் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கும் அழகு, நாலு பக்கமும் ஒரே சத்தம் வந்தால் கூழாகிவிடும். இந்தப் போலி 5.1ஐயும் தருவதில்லை, இருந்த ஸ்டீரியோவையும் கெடுக்கிறது.

இரண்டு, "இந்த விலைக்கு இதுதான் கிடைக்கும்." சரி. அப்படியானால் பெட்டியில் "ஆறு ஸ்பீக்கர் ஸ்டீரியோ" என்று எழுதுங்கள். மலிவாக விற்பதில் தப்பே இல்லை. பொய் சொல்லி விற்பதுதான் தப்பு.

மூன்றாவதுதான் உச்சம்: "கிராமத்துக்காரனுக்கு இது போதும், அவனுக்கு என்ன தெரியப் போவுது?" தைப்பூசத்தில் சுற்று வட்டாரத்துச் சாமிகளெல்லாம் செய்யாற்றில் கூடும்போது, எந்த மேளம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கண்ணை மூடிக் கொண்டு சொல்லும் ஊர் பெருநகர். திருவிழா மைக் செட்டில் ஒரு ஹாரன் மக்கர் செய்தாலும் கண்டுபிடிக்கும் ஊர். அந்த ஊருக்கா காது இல்லை? காது இருக்கிறது. கடையில் போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்கும் பழக்கம்தான் இல்லை. இங்கே திட்டு வாங்குவது விற்பவர் மட்டுமல்ல. ஐந்து ரூபாய்க் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிறவர், ஐயாயிரம் ரூபாய்ப் பெட்டியின் முதுகைத் திருப்பிப் பார்க்காமல் வாங்குகிறாரே, அவருக்கும் பங்கு உண்டு.

பெருநகர் இருப்பது உத்திரமேரூர் வட்டத்தில். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் 10ஆம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. சபைக்கு யார் வரலாம், என்ன தகுதி, என்ன வயது (35க்கு மேல், 70க்குள்) என்று எல்லாம் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி இடமில்லை, அவருடைய சொந்தக்காரர்களுக்கும் இடமில்லை. நம்பர் சொன்னால் கணக்குக் காட்டு என்று ஆயிரம் வருடத்துக்கு முன்பே சொன்ன மண்ணில், 5.1 என்றும் 5000 என்றும் இரண்டு பொய் நம்பரை அட்டையில் அச்சடித்து விற்கிறார்கள். ஒருவரும் கணக்குக் கேட்பதில்லை.

கேட்க வழியில்லாமலும் இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலையில். தவறான விளம்பரத்துக்குத் தயாரிப்பாளர் மீது 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. 1915க்குப் போன் செய்து புகார் சொல்லலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடக் கட்டணமும் கிடையாது. பில் மட்டும் கையில் இருக்க வேண்டும். "பில் வேணாம்னா இருநூறு கம்மி" என்று சொன்னதும் தலையாட்டிவிட்டால் கதை அங்கேயே முடிந்தது.

ஆக, அடுத்த முறை யாராவது வாங்கப் போனால் அட்டையைப் படிக்க வேண்டாம். "அண்ணே, பின்பக்கம் காட்டுங்க" என்று சொன்னால் போதும். உள்ளே வரும் ஓட்டைகளை எண்ணுங்கள். ஒவ்வொரு பெட்டியாகத் தனித்தனியே பாட வைக்கச் சொல்லுங்கள். ஆறும் சேர்ந்து பாடினால் கும்பிடு போட்டுவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். பத்துப் பேர் இப்படித் திரும்பிப் போனால், பதினோராவது ஆளுக்காவது கடைக்காரர் அசலை வரவழைத்து வைப்பார்.