நூறு ரூபாயின் மதிப்பு யாது?

பணம் பத்தும் செய்யும் என்பர் நம் முன்னோர். எந்த ஊரில் எத்தனை செய்யும் என்னும் வினா அன்று எழவில்லை. இன்று அவ்வினா நம் வாயிலிலேயே வந்து நிற்கின்றது.

இராமாநுசர் பிறந்த திருப்பெரும்புதூரைச் சுற்றி, முன்னர் ஏரிப் பாசனமும் நெல்வயலுமாக விளங்கிய நிலப்பரப்பில் இன்று ஆலைகள் அணிவகுத்து நிற்கின்றன. 1996இல் ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் கால்கொண்டது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. சுங்குவார்சத்திரத்தை அடுத்த பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் உருவாகின்றன. கொரிய நாட்டுப் பொறியாளரும், தென் மாவட்டத்து இளம்பெண்ணும், பீகாரிலிருந்து வந்த இளைஞரும் ஒரே சாலையில் செல்கின்றனர். அவர்கள் கையிலுள்ள நூறு ரூபாய்த் தாள் ஒன்றே. அதன் மதிப்பும் ஒன்றுதானா?

2024ஆம் ஆண்டு நிலவரப்படி எண்ணிப் பார்ப்போம். சென்னையில் 2013இல் தொடங்கப்பெற்ற அம்மா உணவகத்தில் ஓர் இட்லியின் விலை ஒரு ரூபாய். நூறு ரூபாய்க்கு நூறு இட்லி. ஒரு பெரிய குடும்பமே பசியாறலாம். அதே தொகையைக் கொரிய நாணயமாக மாற்றினால் ஏறத்தாழ 1,600 வோன் கிடைக்கும். சியோல் நகரப் பேருந்தில் ஒருமுறை செல்ல 1,500 வோன் வேண்டும். அமெரிக்க நாணயமாக மாற்றினால் ஏறத்தாழ 1.20 டாலர். நியூயார்க்கின் சுரங்க ரயில் கட்டணமோ 2.90 டாலர், நம் நூறு ரூபாய் அதில் பாதிக்கும் போதாது.

பொருளியல் அறிஞர்கள் இவ்வேறுபாட்டை அளக்க முயன்றுள்ளனர். இலண்டனிலிருந்து வெளிவரும் 'எகனாமிஸ்ட்' ஏடு, மக்டொனால்டு நிறுவனத்தின் 'பிக் மேக்' என்னும் ஒரே தின்பண்டம் ஒவ்வொரு நாட்டிலும் என்ன விலைக்கு விற்கின்றது என 1986 முதல் ஒப்பிட்டு வருகின்றது. உலக வங்கியின் கணக்கு இன்னும் விரிவானது. 2021இல் நாணயச் சந்தையில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 74 ரூபாய். ஆனால் அமெரிக்காவில் ஒரு டாலர் வாங்கித் தருவதை இந்தியாவில் வாங்க ஏறத்தாழ 20 ரூபாயே போதும் என அக்கணக்கு கூறுகின்றது. இதனையே 'வாங்கும் ஆற்றல் சமநிலை' என்பர்.

இக்கணக்கில் பிழை இல்லை. அதிலிருந்து சிலர் எடுக்கும் முடிவில்தான் பிழை உள்ளது. "இங்கே விலைவாசி குறைவு; ஆதலால் கூலி குறைந்தாலும் குறையில்லை" என்னும் பேச்சை நாம் அடிக்கடி கேட்கின்றோம். அது பாதி உண்மை. பாதி உண்மை முழுப் பொய்யினும் தீங்கு மிக்கது.

இங்கே மலிவாக இருப்பவை யாவை? தேநீர், முடிதிருத்தம், தையல், ஆட்டோ, சாப்பாடு. இவை அனைத்திலும் பெரும்பங்கு மனித உழைப்பே. பேலா பலாஸா, பால் சாமுவேல்சன் ஆகிய இரு பொருளியலாளரும் 1964இல் தனித்தனியே விளக்கியது இதுவே: கூலி குறைந்த நாட்டில், நாடு கடந்து விற்க இயலாத பணிகள் மலிவாகவே இருக்கும். தொழிலாளி குறைந்த விலையில் உண்கின்றார் எனின், சமைத்தவரும் பரிமாறியவரும் குறைந்த கூலி பெறுகின்றனர் என்பது பொருள். ஒரு ரூபாய் இட்லியோ மாநகராட்சி இழப்பை ஏற்பதால் நிற்கும் விலை. ஒருவர் மலிவு என மகிழ்வது மற்றொருவரின் வறுமையாக இருத்தல் கூடும்.

மலிவாக இல்லாதவை யாவை? பெட்ரோல், பொன், கைப்பேசி. ஐபோன் 15 வெளிவந்தபோது (2023) அமெரிக்காவில் அதன் தொடக்க விலை, விற்பனை வரி நீங்கலாக, 799 டாலர். அன்றைய மாற்று வீதத்தில் அது ஏறத்தாழ 66,000 ரூபாய். இந்தியாவில் விலையோ 79,900 ரூபாய்! இட்லிக்கு ஊர் விலை. இயந்திரத்திற்கு உலக விலை. உலக விலைக்கு விற்கும் பொருளைச் செய்யும் கைகளுக்கு மட்டும் ஊர் விலையில் கூலி. 2024இல் கொரியாவில் ஒரு மணி நேரத்திற்கான குறைந்தபட்ச ஊதியம் 9,860 வோன், அதாவது ஏறத்தாழ 600 ரூபாய். அதே நிதியாண்டில் தமிழகத்தின் ஊரக வேலையுறுதித் திட்ட நாள்கூலி 319 ரூபாய். விலைவாசி வேறுபாட்டைக் கழித்த பின்னும் இவ்விடைவெளி மறையாது.

அவ்வாறாயின் எந்த அளவுகோல் கொண்டு அளப்பது? நம் மார்க்கம் ஒரு வழி காட்டுகின்றது. ஈகைத் திருநாளன்று வழங்கும் ஃபித்ரா தர்மம் நாணய அளவாக வகுக்கப்படவில்லை. தானிய அளவாகவே வகுக்கப்பட்டது. பணமாகக் கொடுப்போரும் தானியத்தின் விலையைக் கணக்கிட்டே கொடுக்கின்றனர். நாணயம் ஏறினாலும் இறங்கினாலும் ஏழையின் கலயத்தில் விழும் அளவு குறைவதில்லை. இதனினும் நுட்பமானது சத்தியத்தை முறித்தவர்க்குரிய பரிகாரம். பத்து ஏழைகளுக்கு உணவளிக்க வேண்டும். எத்தகைய உணவு? தம் குடும்பத்தார்க்கு அளிக்கும் நடுத்தர உணவு என்பது திருக்குர்ஆன் ஐந்தாம் அத்தியாயம் தரும் விடை. ஏழைக்கு இதுவே போதும் எனத் தனியொரு தரத்தை அது வகுக்கவில்லை.

2021 டிசம்பரில், விடுதி உணவை உண்டு பலர் நோயுற்றதை அடுத்து, பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். அச்சாலை மறியல் எழுப்பிய வினாவும் இதுவே: உங்கள் பிள்ளைகளுக்கு இவ்வுணவை அளிப்பீர்களா? 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் குடியிருப்பைத் தமிழக அரசு திறந்து வைத்தது. அவ்வினாவுக்கு அது ஒரு தொடக்க விடை. முழு விடை கூலியில்தான் உள்ளது.

மாணவச் செல்வங்களே! நாளை உங்களுள் சிலர் ஆலைகளில் மேலாளராவீர்கள். சிலர் அயல்நாடு சென்று பொருளீட்டுவீர்கள். பிறர் கூலியை முடிவு செய்யும் நாள் வரும்போது மாற்று வீதப் பட்டியலை மட்டும் பாராதீர்கள். நூறு ரூபாய்க்கு இங்கே என்ன கிடைக்கும் என்று கேட்பதோடு நில்லாமல், அதனை நம் வீட்டார்க்குக் கொடுப்போமா என்றும் கேளுங்கள். அந்த வினாவுக்கு எந்த நாட்டிலும் விலை ஒன்றே.