இனோகி நல்ல மல்லரா?

2022 ஒக்டோபர் முதலாம் திகதி ஜப்பானிய மல்யுத்த வீரர் அன்டோனியோ இனோகி தமது 79 ஆவது வயதில் காலமானார். அச்செய்தி கிடைத்ததும் அரைப்பக்க அளவில் ஒரு நினைவுக் கட்டுரை எழுதித் தருமாறு ஆசிரியபீடத்தில் என்னைக் கேட்டார்கள். இளமைக் காலந்தொட்டு எனக்கு மல்யுத்தத்தில் இருந்துவந்த பித்து அவர்கள் அனைவரும் அறிந்ததே. இரண்டு மணி நேரத்தில் எழுதிக் கொடுத்தேன். அதில் முக்காற் பங்கு 1976 இல் முகமது அலியுடன் அவர் மோதிய கதை. எஞ்சிய காற் பங்கு அவரது அரசியல்.

கட்டுரை வெளியான அன்று காலை யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர் தொலைபேசியில் அழைத்தார். எண்பது வயதைத் தாண்டிய ஓய்வுபெற்ற ஆசிரியர். "தம்பி, கட்டுரை வாசிச்சனான். இனோகி ஆரோட மோதினவர் எண்டு வடிவா எழுதியிருக்கிறீர். ஆள் நல்ல மல்லனோ எண்டு ஒரு வரிகூட எழுதேல்லையே" என்றார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். முப்பது வருடங்களுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவன், ஒரு மனிதரின் புகழை எழுதிவிட்டு அவரது திறமையைப் பற்றி எழுத மறந்துபோனேன் என்பதை ஒப்புக்கொள்ள அப்போது மனம் வரவில்லை. இக்கட்டுரை அவருக்கு நான் கொடுக்கும் தாமதமான பதில்.

தொழில்முறை மல்யுத்தத்தில் முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருக்கும்போது திறமையைப் பற்றி என்ன விவாதம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், நடிகமணி வைரமுத்துவின் மயான காண்டத்தைப் பார்க்கச் சென்ற எவருக்கும் அரிச்சந்திரனின் கதை எப்படி முடியும் என்பது தெரியாமல் இருந்ததில்லை. தெரிந்துகொண்டே போனார்கள், அழுதுவிட்டு வந்தார்கள். முடிவு தெரிந்த ஒன்றில் திறமை வேறோர் இடத்தில் இருக்கிறது.

மல்யுத்த மேடையில் அது எங்கே இருக்கிறது? ஜப்பானியர்கள் அதற்கு ஜூடோவிலிருந்து பெற்ற ஒரு சொல்லை வைத்திருக்கிறார்கள்: உகெமி. விழும் வித்தை என்று பொருள் கொள்ளலாம். நாடியை நெஞ்சோடு சேர்த்து, முதுகின் மேற்பகுதியை அகலமாகப் பலகையில் பதியவைத்து, அடியின் வேகத்தை உடம்பு முழுவதும் பரவவிட்டு விழ வேண்டும். ஜப்பானில் புதிதாகச் சேரும் மல்லர் முதலில் மாதக்கணக்காகப் பயில்வது இதைத்தான். எறிவது அதற்குப் பின்னர்தான். எறிபவருக்கும் ஒரு கடமை உண்டு. எதிராளி பத்திரமாக விழக்கூடிய விதத்தில் அவர் எறிய வேண்டும். ஆகவே இத்தொழிலில் திறமை என்பது, பார்ப்பவர் மூச்சை அடக்கும் அளவுக்குச் சண்டையை உண்மையாகத் தோன்றச் செய்து, எதிரில் நின்றவரை முழு உடம்போடு வீட்டுக்கு அனுப்புவது. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டுதான் பெரிய பெயர்களை நிறுத்துப் பார்க்க வேண்டும்.

என்னை அழைத்த அந்த ஆசிரியரின் தலைமுறைக்கு மல்யுத்தம் என்றால் தாரா சிங்கும் கிங்கொங்கும்தான். அந்தக் கிங்கொங்கை 1955 இல் டோக்கியோவில் வீழ்த்தி ஆசிய அதிபார எடைச் சம்பியன் பட்டத்தைப் பெற்றவர், ஜப்பானியத் தொழில்முறை மல்யுத்தத்தின் தந்தையெனப் போற்றப்படும் ரிக்கிடோசான். இனோகியின் குருவும் அவரே. 1954 பெப்ரவரியில் அவரும் ஜூடோ மேதை மசாஹிக்கோ கிமுராவும் இணைந்து ஷார்ப் சகோதரர்கள் என்ற இரு வெள்ளையர்களுடன் மோதினார்கள். ஜப்பானில் தொலைக்காட்சி தொடங்கி ஒரு வருடமே ஆகியிருந்த காலம். தெருமுனைகளில் வைக்கப்பட்ட தொலைக்காட்சிப் பெட்டிகளின் முன்னால் சனம் திரண்டு நின்று பார்த்தது. போரில் தோற்று, அந்நியப் படைகளின் ஆட்சியிலிருந்து விடுபட்டு இரண்டு வருடங்கள்கூட நிறைவடையாத ஒரு மக்கள் கூட்டம், பருத்த வெள்ளையர்களை ஒரு ஜப்பானியர் கைவெட்டால் வீழ்த்துவதைக் கண்டு கண்ணீர் விட்டது.

அந்த "ஜப்பானியர்" உண்மையில் இன்றைய வடகொரியப் பகுதியில் பிறந்த கொரியர். அவர் உயிரோடு இருந்தவரை இரசிகர்களிடமிருந்து இது மறைக்கப்பட்டது. ஒரு தேசத்தின் தன்மானத்தை மீட்டுக் கொடுத்தவர், அதே தேசத்தில் தமது பிறப்பை வெளியில் சொல்ல முடியாமல் வாழ்ந்தார் என்பதை எண்ணும்போது, புகழ் என்பது என்ன விலைக்குக் கிடைக்கிறது என்ற கேள்வி எழாமல் இருக்காது.

ரிக்கிடோசானின் திறமை? சுமோவிலிருந்து கொண்டுவந்த அந்தக் கைவெட்டும், எரியும் கோபமும், சரியான கணத்தில் அதை வெளிப்படுத்தும் நாடக உணர்வும்தான் அவரது மூலதனம். எதிராளியைக் காப்பதில் அவர் பெயர் பெற்றவரல்லர். 1954 டிசெம்பரில் கிமுராவுடன் தனியாக மோதியபோது, போட்டி சமநிலையில் முடிவதென ஏற்பாடாகியிருந்தது என்றும் ரிக்கிடோசான் இடைநடுவில் அதை மீறி உண்மையாகவே அடித்தார் என்றும் கிமுரா பின்னாளில் எழுதினார். 1951 இல் பிரேசிலில் ஹீலியோ கிரேசியின் கையை மடக்கி வென்ற உலகப் புகழ் பெற்ற ஜூடோ வீரர், அந்த ஓரிரவில் தோற்றவராக மாறிப்போனார். சம்பியன் ரிக்கிடோசானே, ஆனால் கிமுராவின் பெயரால் அழைக்கப்படும் கைமடக்குப் பிடியைத்தான் இன்று உலகெங்கும் பயில்கிறார்கள்.

1963 டிசெம்பரில் டோக்கியோவின் இரவு விடுதியொன்றில் கத்தியால் குத்தப்பட்ட ரிக்கிடோசான் ஒரு வாரத்தில் மரணமடைந்தார். அவர் விட்டுச் சென்ற இரு சீடர்கள் ஜயன்ட் பாபாவும் இனோகியும். இருவரும் 1960 செப்டெம்பர் 30 ஆம் திகதி, ஒரே நாளில் அரங்கேறியவர்கள். இருவரும் 1972 இல் தனித்தனியே நிறுவனம் தொடங்கினார்கள். பாபா ஏறக்குறைய ஏழடி உயரமானவர். முன்னாள் பேஸ்போல் வீரர். பிற்காலத்தில் மெலிந்த கைகளோடு மெதுவாக நகரும் அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் பலர். ஆனால் 1974 இல் ஜாக் பிரிஸ்கோவை வென்று என்.டபிள்யூ.ஏ. உலக சம்பியன் பட்டத்தைப் பெற்ற முதலாவது ஜப்பானியர் அவர்தான். கைகுலுக்கிக் கொடுத்த வாக்கைத் தவறாதவர் என்று வெளிநாட்டு மல்லர்கள் மத்தியில் அவருக்கு இருந்த பெயர், எந்தப் பட்டத்தையும் விடப் பெரியது.

இனோகி வேறு வகை. சிறுவயதில் குடும்பத்தோடு பிரேசிலுக்குப் புலம்பெயர்ந்து தோட்டத்தில் உழைத்தவர். மல்யுத்தமே எல்லாச் சண்டைகளிலும் வலியது என்று உலகுக்கு நிரூபிக்க வேண்டுமென்ற வெறி அவரிடம் இருந்தது. அதன் உச்சம் 1976 ஜூன் 26 ஆம் திகதி டோக்கியோ புடோகான் அரங்கில் அலியுடன் நடந்த மோதல். கட்டுப்பாடுகள் நிறைந்த விதிகளின் கீழ் பதினைந்து சுற்றுகளும் பெரும்பாலும் நிலத்தில் கிடந்தபடியே அலியின் காலை உதைத்தார் இனோகி. போட்டி சமநிலையில் முடிந்தது. பார்த்தவர்கள் ஏமாற்றமடைந்தார்கள். அலி வீங்கிய கால்களுடன் வைத்தியசாலைக்குப் போனார். கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகள் பெருகிய பின்னர் அது ஒரு முன்னோடி நிகழ்வாகப் போற்றப்படுகிறது. தைரியத்துக்கு அது சான்று என்பதில் எனக்கு ஐயமில்லை. மல்யுத்தத் திறமைக்குச் சான்றா என்றால், இல்லை என்பேன்.

அதே ஆண்டு டிசெம்பரில் கராச்சியில் புகழ்பெற்ற போலு குடும்பத்தைச் சேர்ந்த அக்ரம் பயில்வானுடன் இனோகி மோதினார். அங்கும் விளையாட்டு உண்மைச் சண்டையாக மாறியது. முன்னர் குறிப்பிட்ட அதே கிமுராவின் பிடியில் அக்ரமின் கை சிதைந்தது. 1979 இல் லாகூரில் அக்குடும்பத்தின் இளைஞர் ஜாராவுடன் மோதி, இறுதியில் ஜாராவின் கையைத் தாமே உயர்த்திக் காட்டினார் இனோகி. பாகிஸ்தானியர்கள் அவரை இன்றும் மரியாதையுடன் நினைப்பதற்கு அந்த ஒரு செய்கை போதுமானதாயிற்று. என்னைக் கேட்டால், அக்ரமின் கையை உடைத்த இனோகியைவிட ஜாராவின் கையை உயர்த்திய இனோகியே பெரிய மல்லர். ஆனால் முதலாமவரைப் பற்றித்தான் நாம் மீண்டும் மீண்டும் எழுதினோம். நானும் அதைத்தான் எழுதினேன்.

இவ்விருவருக்கும் அடுத்த தலைமுறையைச் சேர்ந்த ஒருவரை இங்கு நிறுத்த விரும்புகிறேன். ஜம்போ சுருதா. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஜப்பானுக்காக மல்யுத்தம் செய்த பல்கலைக்கழகப் பட்டதாரி. பாபாவின் நிறுவனத்தில் இணைந்தபோது, வேலைக்குச் சேர்வதாகவே அறிவித்தவர். அந்தச் சொல் அவரைக் கடைசிவரை துரத்தியது. வியர்க்காமல் வேலை செய்யும் உத்தியோகத்தர், உள்ளே நெருப்பில்லாதவர் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். இனோகியைப் போல் கண்கள் எரிய நிற்க அவருக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு மணி நேரம் மோதிய பின்னரும் மூச்சிரைக்காமல் நிற்கத் தெரிந்தது. உண்மையாகவே சண்டை என்று வந்திருந்தால் எல்லோரிலும் வலியவர் சுருதாவே என்று வாதிடும் ஒரு கூட்டம் ஜப்பானில் இன்றும் உண்டு.

என் கட்சி அதுவன்று. சுருதாவின் பேர்போன ஆயுதம் பேக்ட்ரொப். எதிராளியைப் பின்புறமிருந்து இடுப்பில் கட்டிப் பிடித்துத் தூக்கி, தாமும் பின்னால் சாய்ந்து, தலைக்கு மேலாக எறிவது. எதிராளிக்கு விழும் வித்தை எந்தளவுக்குக் கைவந்திருக்கிறது என்பதைப் பார்த்து, அதற்கேற்ப எறியும் கோணத்தை மாற்றுவார் என்று சுருதாவைப் பற்றிச் சொல்வார்கள். தேர்ந்தவருக்குச் செங்குத்தாக, இளையவருக்குத் தட்டையாக. அரங்கில் இருந்தவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. இதைவிட உயர்ந்த திறமை இத்தொழிலில் எது என்று எனக்குத் தெரியவில்லை.

அவரது வாழ்வின் மிகச் சிறந்த இரவு, என் கணிப்பில், அவர் தோற்ற இரவு. 1990 ஜூன் 8 ஆம் திகதி. நிறுவனத்தின் முன்னணி வீரர்களில் ஒருவரான தென்ரியூ சற்று முன்னர்தான் விலகிச் சென்றிருந்தார். பாபாவின் நிறுவனம் தளம்பிக் கொண்டிருந்தது. சில வாரங்களுக்கு முன்னர் முகமூடியைக் கழற்றிய 27 வயது மிட்சுஹாரு மிசாவாவுடன் புடோகானில் மோதிய சுருதா, தமது பலம் முழுவதையும் காட்டினார். பிறகு தோற்றார். மிசாவா அழுதார், அரங்கம் அதிர்ந்தது, ஒரு நிறுவனம் பிழைத்தது. வலியவர் ஒருவர் தம் வலிமையை மறைக்காமல் தோற்றதால்தான் மிசாவாவின் வெற்றிக்குப் பெறுமதி வந்தது.

சுருதா 1992 இல் ஈரல் நோயில் விழுந்தார். 2000 மே மாதத்தில் மணிலாவில் ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சையின்போது 49 ஆவது வயதில் இறந்தார்.

இனோகியின் அபிமானிகள் இதற்குச் சொல்லும் பதிலை நான் அறிவேன். சுருதா ஓர் அரங்கத்தைத்தான் வென்றார், இனோகி உலகத்தை வென்றார் என்பார்கள். 1990 இல் ஈராக் சென்று ஜப்பானியப் பணயக் கைதிகளின் விடுதலைக்கு உழைத்ததையும், 1995 இல் தமது குருவின் தாய்மண்ணான வடகொரியாவில் மாபெரும் மல்யுத்த விழா நடத்தியதையும் எடுத்துக் காட்டுவார்கள். மறுக்கவில்லை. அவர் ஒரு பெரிய மனிதராக இருக்கலாம். கேள்வி அதுவல்ல என்பதுதான் என் வாதம்.

இந்த விவாதத்தை வெறும் இரசிகர் சண்டையாக நான் கருதாததற்குக் காரணம் உண்டு. சுருதாவுக்குப் பின்வந்த மிசாவா, கவாதா, கொபாஷி ஆகியோரின் 1990 களின் மோதல்கள் மல்யுத்தக் கலையின் சிகரம் என்று பலராலும் கருதப்படுகின்றன. 1994 ஜூன் 3 ஆம் திகதி மிசாவாவும் கவாதாவும் மோதியதற்கு அமெரிக்க விமர்சகர் டேவ் மெல்ட்சர் ஐந்து நட்சத்திரங்கள் வழங்கினார். நானும் அந்த ஒளிநாடாவைப் பலமுறை பார்த்து வியந்தவன். ஆனால் ஒவ்வொரு மோதலும் முன்னையதை விஞ்ச வேண்டியிருந்தது. எறியும் கோணம் ஆண்டுக்காண்டு செங்குத்தாயிற்று. தலையும் கழுத்தும் பலகையில் மோதும் ஓசைக்கு நாங்கள் கைதட்டினோம், நட்சத்திரம் கொடுத்தோம். விழுவதில் மிசாவாவுக்கு நிகரில்லை என்பார்கள். 2009 ஜூன் 13 ஆம் திகதி ஹிரோஷிமாவில், தமது வாழ்நாளில் எண்ணற்ற தடவைகள் வாங்கிய அதே பேக்ட்ரொப்பை வாங்கியவர் பிறகு எழுந்திருக்கவில்லை. கழுத்துத் தண்டுவடக் காயம். வயது 46.

எறிந்தவரைக் குறைசொல்ல எதுவுமில்லை. அன்றைய எறி வழமையான எறிதான். அந்தக் கழுத்து இருபது வருடங்களாகத் தேய்ந்து வந்திருந்தது. டைகர் மாஸ்க் வேடத்தில் சயாமா 1981 இல் அரங்கேறியபோது எதிரில் நின்று அவரைப் பறக்க வைத்த ஆங்கிலேயர் டைனமைட் கிட், தமது பிற்கால வாழ்வைச் சக்கர நாற்காலியில் கழித்து 2018 இல் இறந்தார். அவரது வேகத்தையும் நாங்கள்தான் புகழ்ந்தோம்.

அலியை உதைத்ததும் அக்ரமின் கை உடைந்ததும் தலைப்புச் செய்திகளாகும். இளையவனுக்காகக் கோணத்தைத் தட்டையாக்கியது ஒருபோதும் தலைப்பாகாது. அதில் செய்தி இல்லை. யாருக்கும் ஒன்றும் நேரவில்லை அல்லவா? எழுதுகிறவர்கள் எதை எழுதினோமோ அதுவே புகழாயிற்று. எது புகழாயிற்றோ அதையே அடுத்த தலைமுறை மல்லர்கள் திறமையென்று நம்பித் தங்கள் கழுத்தைக் கொடுத்தார்கள். இதில் என் பங்கு ஓர் அரைப்பக்கம் மட்டுமே என்று ஒதுங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை.

ஐயா, நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இனோகி நல்ல மல்லர்தான். தைரியசாலி, கூட்டத்தைக் கட்டிப்போடத் தெரிந்தவர். ஆனால் என் பிள்ளை இந்தத் தொழிலுக்குப் போவதாக இருந்து, முதல் நாள் யாரோடு மேடையேற வேண்டுமென்று என்னைக் கேட்டிருந்தால், நான் சுருதாவின் பெயரைத்தான் சொல்லியிருப்பேன்.